கவர்னருக்கு மட்டும் ஓட்டு

1

போன கப்பலில் வந்த பத்திரிகைக் கட்டைப் பிரித்தபோது, நம் திருநெல்வேலிச் சீமையில் சட்டசபை அங்கத்தினர் ஒருவர் காலமாகி, அவர் இடத்துக்கு இடைத்தேர்தல் நடக்கிற செய்தி கண்ணில் பட்டது. இரண்டு பேர் நிற்கிறார்களாம். ஓட்டு உள்ளவர்களைத் தேடித் தேடி வண்டி அனுப்புகிறார்களாம். ஒருவருடைய இட்டிலியைச் சாப்பிட்டுவிட்டு மற்றவருடைய வண்டியில் ஏறிப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு, திரும்பி வரும்போது இருவரையும் திட்டிக்கொண்டே நடந்து வந்தவர்களும் உண்டாம். படிக்கப் படிக்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

பினாங்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இத்தனை வருஷத்தில் ஓட்டு என்ற ஒன்றை நான் கண்ணால் பார்த்ததில்லை. இங்கேயும் சட்டசபை உண்டு, சிங்கப்பூரில் கூடும். அதில் இந்தியர்களுக்கென்று ஓர் இடமும் உண்டு. ஒரே ஓர் இடம். அதை நிரப்புகிறவர் கவர்னர். அவர் ஒரு பெயரை எழுதுவார், சீமையிலிருந்து ராஜா சரி என்பார், கெஜட்டில் இரண்டு வரி வரும், அவ்வளவுதான். அங்கத்தினர் இறந்துபோனாலும் ராஜினாமா செய்தாலும் இதே கதை. அவர் சும்மா சில மாதம் ஊருக்குப் போய்வருவதானால்கூட, அதுவரை அவர் இடத்தில் இருக்க இன்னொருவரைக் கவர்னர் நியமிப்பார். ஆபீஸில் ஒரு குமாஸ்தா லீவில் போனால் பக்கத்து மேசைக்காரர் அவர் வேலையையும் பார்க்கிறாரே, அந்த மாதிரி.

ஓட்டு இல்லாத ஊரில் தேர்தல் சச்சரவும் இருக்காது என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் தெருவில் ஒரு தேர்தல் நடக்கிறவரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

என் வீட்டுக்காரர் சவரிமுத்து ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் பெரிய கிராணி. குமாஸ்தாவை இங்கே கிராணி என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் காசிம் ராவுத்தர், சூலியா தெருவில் பாக்கு மண்டி வைத்திருக்கிறார். ராவுத்தருக்குத் தமிழ் பேசவும் மலாய் பேசவும் சீனர்களோடு பேரம் பேசவும் தெரியும். இங்கிலீஷ் வாசிக்க மட்டும் தெரியாது. என் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும். ஆனால் வாசித்ததைக் கேட்க ஆள் இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஆகவே சாயங்காலமானால் இருவரும் வீடுகளின் முன்னால் தெரு நெடுக ஓடுகிற தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இவர் பத்திரிகையைத் தமிழில் சொல்லுவார். அவர் வறுத்த கடலையை உரித்து இவர் பக்கம் தள்ளுவார். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த ஏற்பாடு ஒரு நாளும் தவறினதில்லை.

அன்றைக்கு இவர் வாசித்த செய்தி இது.

"இந்தியன் மெம்பருக்கு உடம்பு சரியில்லையாம், ராவுத்தரண்ணே. லீவுல ஊருக்குப் போறாராம். அவருக்குப் பதிலா இன்னொருத்தர் ஆக்ட் பண்ணுவாராம்."

"ஆக்டா? சட்டசபையிலயா?"

"ஆமா."

ராவுத்தர் கடலை உரிப்பதை நிறுத்தினார். "வேஷம் கட்டணுமோ?"

"அந்த ஆக்ட் இல்லண்ணே. அவர் இடத்துல உக்காந்து அவர் வேலையப் பாக்கறது."

"நாடகத்துலயும் அதத்தானே செய்யறான்? ராஜா இடத்துல உக்காந்து ராஜா வேலையப் பாக்கறான்."

என் வீட்டுக்காரர் பத்திரிகையை ஒரு தரம் உதறிவிட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

"எப்பப் பாத்தாலும் சிங்கப்பூர்க்காரனுக்கே குடுக்கறாங்க. இந்தத் தடவையாவது பினாங்குக்காரருக்குக் கிடைக்கணும்."

"கிடைக்கணும்லா."

"நல்ல ஆளா இருக்கணும்."

"நல்ல ஆளுக்கு இங்க என்ன பஞ்சம்?"

நான் வாசற்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் ராவுத்தர் முகத்தைப் பார்த்தார். ராவுத்தர் இவர் முகத்தைப் பார்த்தார். 'நீங்கள்தான் அதற்கு ஏற்றவர்' என்று மற்றவர் சொல்லட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். தானாகச் சொல்லிக்கொள்வது மரியாதை இல்லையே. கடலை முழுவதும் தீர்ந்தது. யாரும் சொல்லவில்லை.

"ராவுத்தரண்ணனுக்கு மனசுல என்னமோ கள்ளம் இருக்கு" என்றார் இவர், சாப்பிடும்போது. "பக்கத்துலயே ஆளை வச்சுக்கிட்டு, நல்ல ஆளுக்கு என்ன பஞ்சம்ங்கறார்."

மறுநாள் காலையில் பின்கட்டுச் சுவருக்கு மேலே ராவுத்தர் மனைவி செய்னம்பு அக்காவின் தலை தெரிந்தது. "தங்கச்சி, நேத்து ஒன் வீட்டுக்காரர் என்ன சொன்னாரு? எங்க வீட்டுல சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருக்காரு, திங்கல. சவரி மனசுல கள்ளம் இருக்குங்கறாரு."

3

ஒரே ஒரு வாக்காளர் இருக்கிற தேர்தல் அது. அவரும் சிங்கப்பூரில் இருந்தார். அவரிடம் ஓட்டுக் கேட்பது எப்படி? பினாங்கில் கவர்னருக்குக் கண்ணும் காதுமாக இருப்பவர் ரெசிடென்ட் துரை. அவர் தினமும் காலையில் கடலோரப் புல்வெளியில் நாயோடு உலாவுகிறார் என்று என் வீட்டுக்காரர் எங்கேயோ கேள்விப்பட்டு வந்தார். உடனே வெள்ளைக்காரர் போடுகிற மாதிரி நெட்டித் தொப்பி ஒன்று வாங்கினார். கடையில் இவர் தலைக்கு ஏற்றது இல்லை. பெரியதாக ஒன்றை வாங்கி, உள்ளே பத்திரிகையை மடித்து வைத்துக்கொண்டார். விடிந்ததும் கோட்டுப் போட்டுக்கொண்டு புல்வெளிக்குப் போய், நாயோடு வந்த பெரிய மீசைத் துரை ஒருவருக்குத் தொப்பியை எடுத்து வணக்கம் செய்தார். தொப்பியோடு பத்திரிகையும் வந்துவிட்டது. துரை குனிந்து எடுத்துக் கொடுத்து, வீடு எங்கே என்றும் கேட்டுக்கொண்டாராம். "எவ்வளவு பெரிய மனுசன், பாரு" என்று என்னிடம் மூன்று தரம் சொன்னார்.

சில நாள் கழித்து அதே புல்வெளி ஓரத்துச் சாலையில் ரிக்‌ஷாவில் ராவுத்தரைப் பார்த்தார். புது அல்பாகா கோட்டு, குஞ்சம் வைத்த துருக்கித் தொப்பி. எல்லோர் கண்ணிலும் படவேண்டும் என்று ரிக்‌ஷாவை மெல்ல மெல்ல இழுக்கச் சொல்லியிருந்தார். ஓடினால்தான் தனக்கு லாபம், நடந்தால் இரண்டு பங்கு கூலி வேண்டும் என்று ரிக்‌ஷாக்காரர் வழி முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"என்ன சவரி, காத்து வாங்கவா?"

"ஆமாண்ணே. டாக்டர் நடக்கச் சொன்னார். நீங்க?"

"எனக்கும் டாக்டர்தான். உக்காந்து போகச் சொன்னாரு."

இரண்டு பேரும் அந்த வருஷத்தில் டாக்டர் வீட்டுப் படி ஏறினதில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. மீசைத் துரை இறங்கினார். பின்னால் இன்னொரு ரிக்‌ஷாவில் பெரிய மரப்பெட்டி ஒன்று வந்தது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பனியனோடு இருந்தவர், உள்ளே ஓடிக் கோட்டை மாட்டிக்கொண்டு, வேஷ்டியோடும் தொப்பியோடும் வெளியே வந்தார். துரை சிரித்துக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தார். என்னிடம் மலாயில் குழந்தை எத்தனை என்று கேட்டார். பிறகு பெட்டியைத் திறந்தார். உள்ளே தையல் மெஷின்.

கைக்குட்டையை எடுத்து, ஓரத்தை மடித்து, சர்ரென்று ஒரு தையல் ஓட்டிக் காட்டினார். இவர் என் காதருகே குனிந்தார்.

"ரெசிடென்ட் துரை எதுக்கு அருளு தையல் மெஷினத் தூக்கிட்டு வந்திருக்கார்?"

"அவர் ரெசிடென்ட் இல்லைங்க. மெஷின் விக்கிறவர்."

இவர் முகம் போன போக்கை நான் எழுதப்போவதில்லை. கொஞ்ச நேரம் துரையைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். அங்கே ராவுத்தர் தம் வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மெல்லப் பேசு. வாங்கிருவோம்" என்றார்.

அப்படித்தான் என் வீட்டுக்குத் தையல் மெஷின் வந்தது. தவணையாகக் கட்டினோம். துரையைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, யார் கேட்டாலும், "சும்மா, பழக்கத்துக்காக வந்தார்" என்று மட்டும் சொன்னார். சொன்னது பொய் இல்லை. ஆனால் ரெசிடென்ட் துரை சவரிமுத்து வீட்டுக்கு வந்துபோனார் என்று சாயங்காலத்துக்குள் பினாங்கு முழுதும் பரவிவிட்டது.

அன்றைக்கு ராவுத்தர் பெஞ்சுக்கு வரவில்லை.

4

மறுநாளும் வரவில்லை. பத்திரிகை வாசிக்கத் தனியாக ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். தபாலாபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் அவர். இங்கிலீஷில் விலாசம் வாசிப்பதென்றால் புலி. வாக்கியம் என்று வந்துவிட்டால் பதுங்கிவிடுவார். இவரோ காலிப் பெஞ்சைப் பார்த்து வாசித்துவிட்டு, அது சரிப்படாமல், மீன் நறுக்குகிற என்னிடம் வந்து நின்று வாசித்தார். "மேலே என்ன போட்டிருக்குன்னு கேளேன்" என்பார். நான் கேட்பேன். ராவுத்தர் கேட்கிற மாதிரி எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

தங்கள் ஆளையே நியமிக்கவேண்டும் என்று இரண்டு பக்கமும் கவர்னருக்கு மனு கிளம்பிற்று. இவருடைய சங்கத்தில் கிராணிமார் எல்லாம் கூடினார்கள். இவர் பெயரை முன்மொழியும்படி தலைவரைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் எழுந்து தம் பெயரையே முன்மொழிந்துவிட்டு உட்கார்ந்தார். அதைத் திருத்துவதற்கு மூன்று கூட்டம் வேண்டியிருந்தது. ராவுத்தருடைய ஆட்கள் மனுவை எடுத்துக்கொண்டு தீவின் அந்தப் பக்கம் பாலிக் புலாவுக்குப் போனார்கள். அங்கே ஜாதிக்காய்த் தோப்புக்காரர்கள், ரோடு போடுவதற்கு மனு என்று நினைத்து வரிசையாகக் கைநாட்டு வைத்தார்கள். ஒருவர் இரண்டு மனுவிலும் வைத்துவிட்டு, "மூணாவது கொண்டாந்தாலும் வைக்கறேன், ரோடு வந்தாச் சரி" என்றாராம்.

என் மகள் ரோசலினுக்கு அப்போது ஏழு வயது. ராவுத்தர் மகள் பாத்திமாவும் அவளும் மலாயில்தான் விளையாடுவார்கள், மலாயில்தான் சண்டை போடுவார்கள். எங்களோடு தமிழ் பேசும்போதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வாலாக ஒரு 'லா' வரும். அது மலாய்க்காரர் லாவா, நம் தூத்துக்குடி லாவா என்று எனக்கே சில சமயம் புரியாது. அப்பாவுக்கு 'சீட்' கிடைக்கப்போகிறது என்று வீட்டில் பேசுவதைக் கேட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் போய், "எங்கப்பாவுக்கு கவர்மெண்டு கெருசி குடுக்கப்போகுதுலா" என்று சொல்லியிருக்கிறாள். கெருசி என்றால் நாற்காலி. கன்னியாஸ்திரீ அம்மாள் என்னைக் கூப்பிட்டனுப்பி, வீட்டில் உட்கார நாற்காலி இல்லையா, மடத்தில் பழையது ஒன்று இருக்கிறது, கொண்டுபோகிறாயா என்று அன்போடு கேட்டார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் இவர் தங்கை மதலேன் கைக்குழந்தையோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தாள். அவள் புருஷனுக்கு எங்கள் தீவுக்கு எதிரே அக்கரையில் சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை. கப்பலில் யாருக்கோ அம்மை கண்டுவிட்டது. மேல்வகுப்புக்காரர்களை இறங்கிப் போகவிட்டு, தளத்தில் படுத்து வந்தவர்களை மட்டும் ஒரு சிறு தீவில் கொண்டுபோய் இறக்கிக் கொட்டகையில் வைத்துவிட்டார்கள். ஆண்கள் மனு தூக்கிக்கொண்டு அலைந்ததால், நானும் செய்னம்பு அக்காவும் பால் செம்பும் சோற்றுத் தூக்குமாக சம்பான் படகு பிடித்துப் போனோம். வெளியே வந்தே அக்காவுக்கு மாதக்கணக்காகிறது; படகு ஆடும்போதெல்லாம் என் கையை நெரித்துவிட்டாள்.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் மதலேன் நின்றாள். குழந்தைக்கு இருமல்.

"கூரைத் தகரம் பூராவும் ஓட்டை, மைனி. படுத்துக்கிட்டே நட்சத்திரம் பாக்கலாம். மழை வந்தா பொம்பளையெல்லாம் பிள்ளையத் தூக்கிக்கிட்டு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடுதோம்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னோமே. காவக்காரர் காண்டிராக்டர்ட்ட சொல்லுங்காரு. காண்டிராக்டர் இஞ்சினியர்ட்ட சொல்லுங்காரு. இஞ்சினியர் லீவுல போயிருக்காராம். அவருக்குப் பதில் ஆக்ட் பண்றவர் இன்னும் வரலியாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் இவருக்குக் கண் கலங்கிவிட்டது; கூடப் பிறந்தவள் அல்லவா? "சீட் மட்டும் கிடைக்கட்டும், அருளு. சட்டசபையில முதல் கேள்வி இதான்" என்றார். பக்கத்து வீட்டில் ராவுத்தரும் அதையே சொன்னதாகச் சுவர் மேலே தகவல் வந்தது. கிடைக்காத இடத்தில் இருந்துகொண்டு இருவரும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். மழை கிடைத்த இடத்தில் பெய்துகொண்டிருந்தது. நானும் அக்காவும் அவள் வீட்டில் கிடந்த துணியை எடுத்து, மீசைத் துரையின் மெஷினில் குழந்தைச் சட்டைகளாகத் தைத்து, உலர்ந்ததாக மாற்றிக்கொள்ளட்டும் என்று மூட்டை மூட்டையாகத் தீவுக்கு அனுப்பினோம். வேறு என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மதலேனை விடுவித்துக் கூட்டிவந்தபோது குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை. இருமல் குறைகிறவரை எங்களோடு இருக்கட்டும் என்று அவள் புருஷனுக்குச் சொல்லியனுப்பினோம். அவர்கள் காலி செய்த கொட்டகையில் அடுத்த கப்பல்காரர்களைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

5

கடைசியில் ஒரு சாயங்காலம் கெஜட்டுச் செய்தி பத்திரிகையில் வந்தது. இவர் பெஞ்சில் உட்கார்ந்து தனியாகப் படித்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சிங்கப்பூரில் ஒரு டாக்டராம். அவர் பெயரை எங்கள் தெருவில் ஒருவரும் கேட்டதில்லை. பினாங்கு இந்தியர்களின் கருத்தை அறிய ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்றும் போட்டிருந்தது.

"போகட்டும்" என்றேன்.

"போகட்டும்" என்றார். சொன்ன குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

விளக்கு வைத்த பிறகு ராவுத்தர் வீட்டுப் பின்கட்டில் ஆடு கத்திற்று. ஓர் ஆடு இல்லை, பல ஆடுகள். சுவருக்கு மேலே செய்னம்பு அக்காவின் முகம் சிரிப்பும் கவலையுமாக வந்தது.

"தங்கச்சி, எங்க வீட்டுல அவருக்குச் சீட்டு கிடைச்சிருச்சாம். பிரியாணிக்கு ஆடு வந்திருக்கு. மேளத்துக்குச் சொல்லியாச்சு. நெசந்தானா? தபாலாபீஸ்காரர்தான் வாசிச்சாரு."

என்ன வாசித்தார் என்று கேட்டேன். "ஆக்டிங் மெம்பர், பினாங்கு" வரைக்கும் அவர் கம்பீரமாக வாசித்துவிட்டாராம். பெயர் என்ன என்று ராவுத்தர் கேட்டதற்கு, "'கே'யில ஆரம்பிக்குது முதலாளி, ரொம்ப நீளமா இருக்கு" என்றாராம். "என் முழுப் பேரும் நீளந்தான்" என்று ராவுத்தர் எழுந்து ஆடு வாங்கப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எங்க போறீங்க?"

"சொல்லாம விட்டா, ஞாயித்துக்கிழமை தானே மாலையப் போட்டுக்கிட்டுத் துறைமுகத்துல நிப்பாரு, அருளு. ஊரே சிரிக்கும்."

"நீங்களும் சேந்து சிரிங்களேன். இத்தனை நாள் அதுக்குத்தானே காத்துக்கிட்டு இருந்தீங்க?"

செருப்பை மாட்டிக்கொண்டார். "சிரிக்கலாம். ஆனா யார்கூட உக்காந்து சிரிக்கிறது?"

போய்விட்டார். நான் பின்பக்கமாக ஓடி அக்கா வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டேன். முன்கட்டில் பேசினது தெளிவாகக் கேட்டது. இவர் உட்காரவில்லை போலிருக்கிறது. நின்றபடியே தலைப்பிலிருந்து கடைசிப் புள்ளி வரை தமிழில் வாசித்தார்.

"இன்னொரு தடவ வாசி" என்றார் ராவுத்தர்.

வாசித்தார்.

"அதுல என் பேரு இல்ல?"

"இல்லண்ணே."

"ஒன் பேரு இருக்கா?"

"இல்லண்ணே."

"ஓரத்துல எங்கயாவது?"

"ஓரத்துலயும் இல்ல."

ராவுத்தர் பெருமூச்சு விட்டார். வெகுநாளாக நெஞ்சில் சிக்கியிருந்தது இறங்கின மாதிரி ஒரு பெருமூச்சு. "உக்காரு, சவரி" என்றார். பெஞ்சு கிறீச்சிட்டது. "ரெசிடென்ட் துரை வீடு தேடி வந்துமா ஒன்னப் போடல?"

"அவர் ரெசிடென்ட் இல்லண்ணே. தையல் மெஷின் விக்கிறவர்."

முதலில் ராவுத்தர் சிரிக்கவில்லை. "நான் அவருக்கு ரிக்‌ஷாவுல இருந்து எத்தன சலாம் வச்சிருக்கேன் தெரியுமா?" என்றார். அதற்கப்புறம்தான் இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்தில் ஆடுகள் கட்டை அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்தன. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, ஆடு வந்திருச்சே. என்ன செய்றது?"

"வர்றவருக்குப் போட்டுருவோம்ணே."

6

ஞாயிற்றுக்கிழமை அக்கரையில் பிறை ரயில் நிலையத்தில் இறங்கி, படகில் வந்து சேர்ந்தார் டாக்டர். மெலிந்த மனிதர்; கையில் குடை. இரண்டு பக்கத்து மாலையும் விழுந்ததில் கண் மட்டும்தான் தெரிந்தது. மேளத்தோடு ராவுத்தர் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். இவர் இங்கிலீஷில் வரவேற்புரை வாசித்தார். ராவுத்தர் தமிழில் பேசினார். சங்கத் தலைவர் இரண்டிலும் பேசினார், தம்மைப் பற்றியே. பிறகு இலையில் பிரியாணி மலைமாதிரி விழுந்தது. டாக்டர் அதைப் பார்த்து வெளிறிப்போனார். கை கழுவவேண்டும் என்று எழுந்து பின்கட்டுக்கு வந்துவிட்டார்.

அங்கே நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா சமையலறைத் திரைக்குப் பின்னால் இருந்தாள்.

"அம்மா, எனக்கு வயித்துக் கோளாறு. காரம் ஆகாது. யார்கிட்டயும் சொல்லாம கொஞ்சம் கஞ்சி தருவீங்களா?" என்றார், திருடன் மாதிரி.

திரைக்குப் பின்னாலிருந்து கஞ்சி வந்தது. அவர் பலகையில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார். அவர் வாய் நிறைந்திருக்கிற சமயம் பார்த்து நான் ஆரம்பித்தேன். கொட்டகை, தகரம், மழை, மூலைக்கு மூலை ஓடுகிற பெண்கள், லீவில் போன இஞ்சினியர், எல்லாவற்றையும் சொன்னேன். நான் விட்டதைத் திரை எடுத்துக் கொடுத்தது. டாக்டர் இரண்டாம் தரம் கஞ்சி வாங்கிக்கொண்டு, மதலேனின் குழந்தையை மடியில் வைத்து நெஞ்சில் காது வைத்துப் பார்த்தார். பயமில்லை, குளிர்காற்றுப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"நான் கொஞ்ச நாளைக்கு மட்டும் இருக்கறவன், அம்மா. பெரியவர் திரும்பி வர்றவரைக்கும் இடத்தச் சூடா வச்சிருக்க வந்தவன். நான் போய் கவர்மெண்டக் கேள்வி கேட்டா நல்லா இருக்குமா?"

திரை அசைந்தது.

"கொஞ்ச நாளைக்கு இருக்கறவருதானேலா கேக்கணும்" என்றாள் செய்னம்பு அக்கா. "போறதுக்கு அவருக்கு என்ன இருக்கு? ரொம்ப நாளைக்கு இருக்கறவருக்குத்தான் இடம் போயிருமோன்னு பயம்."

டாக்டர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு, கேள்வியை இன்னொரு தடவை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னார். கஞ்சி ஆறிப்போனது. முன்கட்டில் தலைவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

7

டாக்டர் கேட்டேவிட்டார். அது பத்திரிகையில் வர வெகு நாளாயிற்று. அதற்குள் சம்பான்காரர் எங்களிடம் வந்து, தீவுக்குப் படகு நிறையப் புதுத் தகரம் போகிறது என்று சொல்லியிருந்தார்.

செய்தி வந்த அன்று பெஞ்சில் இருவரும் இருந்தார்கள். நாங்களும் வாசலில் கூடினோம். மதலேன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்; மறுநாள் அவள் புருஷன் வந்து கூட்டிப்போக இருந்தான். அக்கா தன் வீட்டு ஜன்னல் கதவுக்குப் பின்னால் இருந்தாள். இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கேள்வியை வாசித்துவிட்டு, சர்க்கார் தரப்பில் ஒருவர் சொன்ன பதிலை வாசித்தார்.

"'கூரை ஒழுகுவதாகச் சொல்வதில் உண்மையில்லை. ஒழுகிய இடங்கள் எல்லாம் அடைக்கப்பட்டுவிட்டன.'"

இவர் அதை மறுபடியும் ஒரு தரம் வாசித்தார்.

"அப்ப நான் நனைஞ்சது?" என்றாள் மதலேன்.

"அதத் துணைக் கேள்வியா எழுந்து கேட்டிருக்கணும்" என்றார் என் வீட்டுக்காரர், சட்டம் தெரிந்தவர் மாதிரி.

"யாரு கேக்கறது?" என்றார் ராவுத்தர். "டாக்டர் எறங்கியாச்சு. லீவுல போனவரு உடம்பு தேறி வந்துட்டாருன்னு நீதானே முந்தாநாள் வாசிச்சே?"

"ஆமா. வந்துட்டார்."

ஜன்னல் கதவு லேசாகத் திறந்தது.

"அவரு மறுபடி எப்ப லீவு எடுப்பாருன்னு போட்டிருக்கா?" என்று கேட்டாள் செய்னம்பு அக்கா.